காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கலாமா, வேண்டாமா? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் சம்பளம் வந்ததும் லேப்டாப் வாங்க எஸ்.பி. ரோடுக்குப் போகிறவர்களுக்கும் சரி, பி.ஜி. அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும் சரி, பில் போடும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஆன்டிவைரஸ் சேர்த்துவிடலாமா? ஐம்பது அறுபதாயிரம் கொடுக்கிற இடத்தில் இன்னொரு ஆயிரம் பெரிதாகத் தெரியாது, கூட வந்த நண்பரும் "போட்டுடு மச்சி, சேஃப்டிதானே" என்பார், யோசிக்க நேரமும் இருக்காது, வாங்கிவிடுவோம். அடுத்த வருடம் ரெனியூவல் செய்தி வந்து நிற்கும்போதுதான் இது உண்மையிலேயே வேண்டுமா என்று தோன்றும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரிஜினல் விண்டோஸ், அப்டேட் ஒழுங்காக வருகிறது என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தை பேக்கப் எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுவது நல்லது. ஆனால் சிலருக்கு வாங்குவதுதான் சரி. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள், வரிசையாகவே போங்கள், ஏனென்றால் இரண்டாவது படியில் தேறாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

1. கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஐ.டி. டீம் முடிவு செய்யும், நீங்களாக எதையும் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

சொந்த லேப்டாப் என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' என்ற பகுதியில் இப்போது காவலுக்கு நிற்பது யார் என்று எழுதியிருக்கும். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்றால், அது விண்டோஸோடு இலவசமாகவே வருவது, விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் முழு ஆன்டிவைரஸாகவே உள்ளே இருக்கிறது. வேறு பெயர் இருந்தால் பெரும்பாலும் லேப்டாப் கம்பெனி ஏற்றி அனுப்பிய ட்ரையலாக இருக்கும். வேறொரு ஆன்டிவைரஸ் வந்துவிட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் தானாகத் திரும்ப வேலைக்கு வரும். அதனால் ட்ரையல் முடிந்த பிறகு 'நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்' என்று சிவப்புப் பெட்டி வந்தால் பயந்து காசு கட்ட வேண்டியதில்லை. அந்த மென்பொருளை முழுதாக நீக்கி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். காலாவதியானதை அப்படியே விட்டுவைப்பதுதான் மோசம், அது வேலையும் செய்யாமல் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

"டிஃபெண்டர் எல்லாம் சும்மா, அதை நம்பாதே" என்று ஊரில் கணினி ரிப்பேர் செய்கிற அண்ணன் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அது பழைய காலத்துக் கணக்கு. ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்தில் இருக்கிற ஏவி-டெஸ்ட் என்ற சுதந்திரமான ஆய்வகம் 2012 கடைசியில் நடத்திய சோதனையில் மைக்ரோசாஃப்டின் அன்றைய இலவச ஆன்டிவைரஸுக்குச் சான்றிதழே கிடைக்கவில்லை. அந்தப் பேர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது நிலைமை வேறு. அதே ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், தொந்தரவின்மை என்று மூன்றுக்கும் ஆறாறு மதிப்பெண் வைத்து மொத்தம் 18-க்குப் போடுகிறது, டிஃபெண்டர் சில ஆண்டுகளாக முழு மதிப்பெண்ணை ஒட்டியே வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு குறை உண்டு. நெட் இல்லாத நேரத்தில் அதன் பிடி தளர்கிறது, ஏனென்றால் புதிய கோப்பு ஒன்றைப் பார்த்தால் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டு முடிவெடுக்கிற பழக்கம் அதற்கு அதிகம். எப்போதும் வைஃபையில் இருக்கிற உங்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை, நெட் இல்லாமல் பென்டிரைவ் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு விஷயம்தான். அவர்களைப் பற்றி நான்காவது படியில் சொல்கிறேன்.

2. விண்டோஸ் ஒரிஜினலா, அப்டேட் வருகிறதா?

இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப்போட்டு மீட்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள், தள்ளிப்போட்டவர்களும் அப்டேட் வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள்.

செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' என்று தேடித் திறந்து பாருங்கள். செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வாங்கியவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைச் செய்ய வேண்டும், ஏனென்றால் லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கிற திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியிருந்தாலும் 'ஆக்டிவேட்டட்' என்றுதான் காட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' திறந்து அடியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று இருப்பதைப் பாருங்கள். அதில் நீங்கள் போடாத ஃபோல்டர் பெயர் ஏதாவது இருந்தால், அந்த இடத்தைச் சோதிக்காதே என்று டிஃபெண்டரிடம் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆக்டிவேட்டர் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இது. அந்தக் கணினியில் எவ்வளவு விலை கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டாலும் நம்ப முடியாது. டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போடுங்கள். பிராண்டட் லேப்டாப்பாக இருந்தால் பெரும்பாலும் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே எடிஷனைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், காசு செலவில்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறுகிற திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்கிறவர்களுக்கு அது இலவசம், 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்பதும் உண்மைதான், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பட்டியல் வந்தாலும் விண்டோஸில் இருக்கிற ஓட்டை அடைபடாது. கணினி தாங்கும் என்றால் விண்டோஸ் 11-க்குப் போவது இலவசம்தான். ஆன்டிவைரஸ் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.

3. எதை இழப்பீர்கள், எந்த வழியாக இழப்பீர்கள்?

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மனதுக்குள் 'ஹேக் ஆகிவிடும்' என்று ஒரே பயமாக இருப்பது எழுதும்போது மூன்று நான்காகப் பிரிந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பணம். இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பணத்தை இழக்கிற வழிகளைப் பாருங்கள். கூரியரில் உங்கள் பெயரில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று வீடியோ காலில் போலீஸ் உடையில் மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' (இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது). வீட்டு அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பது. வீட்டிலிருந்தே வேலை, ரேட்டிங் போட்டால் காசு என்று டெலிகிராமில் இழுப்பது. கஸ்டமர் கேர் என்று சொல்லி, தூரத்திலிருந்தே நம் திரையைக் காட்டுகிற எனிடெஸ்க் என்ற செயலியைப் போடச் சொல்லித் திரையைப் பார்ப்பது. இவற்றில் எதிலும் வைரஸே இல்லை, நம்மையே பேசிப் பேசி நம் கையாலேயே அனுப்ப வைக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் ஆன்டிவைரஸும் இங்கே குறுக்கே நிற்க முடியாது. போலி பேங்க் தளத்தை மட்டும் சில சமயம் தடுக்கும், அந்த அளவுக்கு குரோமும் எட்ஜும் இலவசமாகவே தடுக்கின்றன.

போன் வழியாகப் போவது இன்னொன்று. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியோடு வந்திருப்பவர்களுக்கு இ-சலான் (போக்குவரத்து அபராதம்) என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை இன்ஸ்டால் செய்கிற கோப்பு, வந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும், தெரியாத ஊர், போலீஸ் விஷயம் வேறு. அதைத் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் இதே கோப்பு சுற்றுகிறது. அபராதம் இருக்கிறதா என்று பார்க்க பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போடலாம். போனுக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் இன்ஸ்டால் செய்வதில்லை என்ற ஒரே பழக்கமும், பிளே ஸ்டோரிலேயே இருக்கிற 'பிளே புரொடெக்ட்' என்ற சோதனை வசதியை ஆன் செய்து வைப்பதும் அதிகம் காப்பாற்றும்.

கோப்புகள். சர்டிஃபிகேட் ஸ்கேன், புராஜெக்ட், அப்பா அம்மாவின் பழைய போட்டோக்கள். இவற்றை ரான்சம்வேர் பூட்டலாம், ஆனால் டிஸ்க் செத்துப்போவதும், லேப்டாப் பஸ்ஸில் களவு போவதும், அதன் மேல் காபி கொட்டுவதும் அதைவிடச் சாதாரணமாக நடக்கிற விஷயங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பேக்கப், ஆன்டிவைரஸ் இவற்றில் ஒன்றுக்குத்தான் உதவும்.

அக்கவுன்ட்டுகள். உண்மையான வைரஸ் இன்று அதிகம் வேலை செய்கிற இடம் இதுதான். கிராக் செய்த போட்டோஷாப், கேமில் ஏமாற்றி ஜெயிக்க உதவுகிற புரோகிராம், இலவச வீடியோ எடிட்டர் என்று இறக்குகிற கோப்புக்குள் ஒளிந்து வந்து, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டையும் நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைத்திருக்கிற குக்கி என்ற சின்னக் கோப்பையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கி போய்விட்டால் ஓ.டி.பி. கூடக் கேட்காமல் உங்கள் மெயிலுக்குள் நுழைய முடியும். இங்கே நல்ல ஆன்டிவைரஸ் நிச்சயம் உதவும், டிஃபெண்டரும் உதவும், ஆனால் கிராக் கோப்போடு வருகிற குறிப்பில் 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்' என்றே எழுதியிருப்பார்கள். ஆஃப் செய்கிறவருக்கு இலவசமும் விலை கொடுத்ததும் ஒன்றுதான்.

எழுதிய தாளைப் பாருங்கள். விலை கொடுத்த ஆன்டிவைரஸால் மட்டுமே தடுக்க முடிகிறது என்று எத்தனை வரி மிஞ்சுகிறது? தனிநபருக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

4. யாருக்கு வாங்குவது சரி?

தாளில் அப்படி ஒரு வரியாவது மிஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வது தவறு.

சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள், நாள் முழுக்க யார் யாரோ பென்டிரைவ் கொண்டுவந்து செருகுகிறார்கள். வாங்குங்கள். பென்டிரைவ் செருகியவுடன் சோதிக்கிற வசதி, தெரியாத பென்டிரைவைத் தடுக்கிற வசதி இதெல்லாம் அங்கே தினமும் பயன்படும். டாலி கணக்கு மென்பொருள் ஓடுகிற கடை, ஐந்து பத்து கணினி உள்ள ஆடிட்டர் ஆபீஸ், சின்ன கிளினிக் இவர்களும் வாங்கலாம், ஆனால் வீட்டு உபயோகத்துக்கான பதிப்பு வேண்டாம். பிசினஸ் பதிப்பில்தான் எல்லாக் கணினியையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்கலாம், எந்தப் பையன் எதை ஆஃப் செய்தான் என்பதும் தெரியும், வீட்டு லைசென்ஸைக் கடையில் ஓட்டுவது பொதுவாக ஒப்பந்த மீறலாகவும் ஆகும். வாங்கினாலும் டாலி டேட்டாவுக்கு அந்தக் கணினிக்கு வெளியே ஒரு பேக்கப் கட்டாயம்.

அப்புறம், ஊரில் அப்பா அம்மா கணினி வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஆனால் போன் செய்து தமிழில் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றால் அந்த உதவிக்காகவே காசு கொடுப்பது நியாயமான காரணம். சென்னையில் இருக்கிற கே7, புனேவின் குவிக் ஹீல் போன்ற இந்தியக் கம்பெனிகள் உண்டு. வாங்கும் முன்பே அவர்கள் உதவி எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள், தமிழில் பேசுகிறார்களா, எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். குழந்தைகளின் கணினியைக் கட்டுப்படுத்த என்று மட்டும் வாங்குவதாக இருந்தால் பொறுங்கள், மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இலவசம், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

'டோட்டல்', 'அல்டிமேட்' என்று விலை ஏறிக்கொண்டே போகிற பதிப்புகளில் வைரஸ் பிடிக்கிற பகுதி பெரும்பாலும் ஒன்றேதான், மேலே சேர்ப்பதற்குத்தான் கூடுதல் காசு. வி.பி.என். (நெட் போக்குவரத்தை மறைத்து அனுப்புவது), பாஸ்வேர்டு மேனேஜர், பி.சி. கிளீனர், டார்க் வெப் கண்காணிப்பு. பாஸ்வேர்டு மேனேஜர் நல்ல பொருள், ஆனால் பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. கிளீனர் தேவையே இல்லை, விண்டோஸிலேயே 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது. வி.பி.என். உங்களுக்கு எதற்கு என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைத் தனியாக இறக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்பீர்கள். தேவையில்லை என்பேன். உலகம் முழுக்கப் பிரபலமான அவாஸ்ட் ஆன்டிவைரஸ் நிறுவனத்தை, பயனர்களின் பிரௌசிங் விவரங்களைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இலவசத்துக்குப் பின்னால் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

6. வாங்குவதாக முடிவு செய்தால்

பெட்டியில் போட்டிருக்கிற எம்.ஆர்.பி.யைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடையில் அதைவிட வெகு குறைவாகத்தான் விற்பார்கள். மூன்று விலையைக் கேளுங்கள்: கடை விலை, கம்பெனி தளத்தின் முதல் வருட விலை, அதே தளத்தில் ரெனியூவல் விலை. மூன்றாவதுதான் அதிகமாக இருக்கும், அதைப் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள், பில் வாங்குங்கள். சாவி இருக்கிற கார்டு சுரண்டப்படாமல் இருக்க வேண்டும், கடைக்காரரே ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்றால் உங்கள் மெயில் ஐ.டி.யில் செய்யச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் கார்டு விவரம் கொடுத்ததும் பெரும்பாலும் ஆட்டோ ரெனியூவல் ஆன் ஆகிவிடும். அன்றைக்கே அக்கவுன்ட்டுக்குள் போய் அதை ஆஃப் செய்யுங்கள், லைசென்ஸ் அதன் காலம் முழுக்க ஓடும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படித் தானாக எடுக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குச் செய்தி வர வேண்டும், ஆனால் 15,000 ரூபாய் வரைக்கும் ஓ.டி.பி. கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், ஆன்டிவைரஸ் விலை எல்லாம் அதற்குள்தான் வரும். அதனால் அந்த முன்செய்தியை விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

லேப்டாப் ஆர்டரில் நீங்கள் கேட்காமலே ஆன்டிவைரஸ் கூடையில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிச் சேர்ப்பதையும், வெளியேற விடாமல் சந்தாவில் சிக்கவைப்பதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு விதிகள் தடை செய்திருக்கின்றன. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

7. வாங்குவதில்லை என்று முடிவு செய்தால், இன்று மாலையே செய்ய வேண்டியது

சும்மா விட்டுவிடக் கூடாது, ஒரு மணி நேர வேலை இருக்கிறது. டிஃபெண்டரை வேறு புரோகிராம்கள் ஆஃப் செய்யவிடாமல் தடுக்கிற 'டாம்பர் புரொடெக்ஷன்' விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆன் இருக்கிறதா பாருங்கள். 'ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்' பகுதியில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கிற வசதியை ஆன் செய்யுங்கள். 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' உள்ளே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கிறது, அது தானாக ஆன் ஆகி வராது, நீங்கள்தான் போட வேண்டும், போட்டபின் சில புரோகிராம்கள் கோப்பைச் சேமிக்க முடியாமல் தடுமாறினால் அவற்றை மட்டும் அனுமதியுங்கள். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத ஒரு சாதாரண அக்கவுன்ட். மெயிலுக்கும் பேங்க்குக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு.

பிரௌசரின் நோட்டிஃபிகேஷன் பட்டியலையும் திறந்து பாருங்கள். 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி' என்று வாங்காத கம்பெனியின் பெயரில் வருகிற அறிவிப்புகள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் 'அலவ்' (அனுமதி) கொடுத்ததால் வருபவை. அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.

சந்தேகமான கோப்பு ஒன்று வந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம், பல கம்பெனிகளின் ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும், இலவசம். ஆதார், சம்பளச் சீட்டு போன்ற சொந்த ஆவணங்களை அதில் ஏற்றாதீர்கள், ஏற்றியதை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும். கணினியில் ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டது என்று தோன்றினால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம் போய்விட்டது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பேங்க்குக்கும் உடனே சொல்லுங்கள். அக்கவுன்ட் மதுரையில், நீங்கள் மாரத்தஹள்ளியில் என்றாலும் பரவாயில்லை, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். உங்கள் தவறோ பேங்க்கின் தவறோ இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், பேங்க்குக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம்தான், தெரிவித்த பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் இழக்கிறார்கள், தயவுசெய்து தள்ளாதீர்கள்.

கடைசியாக பேக்கப். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் லேப்டாப்பில் செருகியே வைக்காதீர்கள், ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாரம் ஒருமுறை செருகி, காப்பி எடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். முக்கியமான சர்டிஃபிகேட்டுகளை மட்டும் கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி போடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த டிஸ்க்கிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், திறந்தால்தான் அது பேக்கப்.